சக்கரவர்த்தி வீட்டுக்குள் ஓர் ஊர்

அரண்மனை என்றால் டிக்கெட் வாங்கி, கயிறு கட்டிய பாதையில் வரிசையாக நடந்து வெளியே வருவதுதான் நமக்குப் பழக்கம். குரோஷியாவின் ஸ்ப்ளிட் நகரத்தில் ரோமானியப் பேரரசர் டயோக்ளீஷியன் கட்டிய அரண்மனைக்கு டிக்கெட்டும் இல்லை, பூட்டும் இல்லை. உள்ளே காபிக்கடை, துணிக்கடை, சந்து, சந்துக்கு மேலே கொடியில் காயும் போர்வை. பழைய நகரின் பாதி இந்த மதிலுக்குள்தான் இருக்கிறது.

பதவியில் இருந்தபடியே மாண்டுபோவதுதான் அந்தக்காலப் பேரரசர்களின் வழக்கம். இவரோ கி.பி. 305இல் தானாகவே பதவி விலகி, பிறந்த மண்ணுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார். வீடு சுமார் 215 மீட்டர் நீளம், 180 மீட்டர் அகலம். மதிலைச் சுற்றி வரப் பத்து நிமிடம் போதும். உள்ளே ஒருநாள் முழுவதும் சுற்றலாம்.

கடற்கரை நடைபாதையான ரீவாவிலிருந்து தொடங்குவது நல்லது. அன்று தெற்கு மதிலைக் கடல் தொட்டுக்கொண்டிருந்தது. வெண்கல வாயில் வழியாக நுழைந்தால் நேரே நிலவறைதான். (நிலவறைக் கூடங்களைப் பார்க்கக் கட்டணம் உண்டு.) மேலே பேரரசர் வாழ்ந்த அறைகளில் பெரும்பகுதி இன்று இல்லை. ஆனால் அவற்றைத் தாங்கிய கீழ்த்தளம் ஏறக்குறைய முழுசாக இருக்கிறது. காரணம், குப்பை. இடைக்காலத்தில் மேலே வீடு கட்டிக் குடியேறியவர்கள் தரையில் ஓட்டை போட்டுக் கழிவையெல்லாம் கீழே கொட்டினார்கள். நூற்றாண்டுக் கணக்கில் சேர்ந்த அந்தக் குப்பை கூடங்களை அடைத்துக் காத்தது. இருபதாம் நூற்றாண்டில் அதைத் தோண்டி எடுத்தபோது, மேலே அழிந்துபோன அறைகளின் அமைப்பே கீழ்த்தளத்தை வைத்துப் புலப்பட்டது. தொல்லியலுக்கு இவ்வளவு தொண்டு செய்த அசுத்தம் வேறெங்கும் உண்டா என்று தெரியவில்லை!

படியேறினால் தூண்கள் சூழ்ந்த முற்றம். ஓரமாக எகிப்திலிருந்து கொண்டுவந்த கருங்கல் ஸ்பிங்ஸ் ஒன்று. அரண்மனையைவிட அதற்குத்தான் வயது அதிகம். எதிரில் எண்கோணக் கட்டடம், டயோக்ளீஷியன் தனக்காகக் கட்டிக்கொண்ட கல்லறை. கிறிஸ்தவர்களை வேட்டையாடியவர் அவர். அவருடைய ஆட்சியில் கொல்லப்பட்ட, பக்கத்து நகரமான சலோனாவின் பிஷப் டோம்னியஸின் பெயரில்தான் இன்று அந்தக் கல்லறை தேவாலயமாக நிற்கிறது. டயோக்ளீஷியனின் சடலம் என்ன ஆனது என்று யாருக்கும் தெரியாது. அவருடையது என்று கருதப்படும் முகச் சிற்பம் ஒன்று மட்டும் உள்ளே உயரத்தில் இருக்கிறது. அதை எடுத்தெறியாமல் விட்டது அலட்சியமா, பெருந்தன்மையா? எனக்கு அலட்சியம் என்றுதான் படுகிறது. குடித்தனக்காரர்கள் பழைய வீட்டுக்காரர் படத்தைக் கழற்ற மறந்ததுபோல.

1757இல் பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர் ராபர்ட் ஆடம் இங்கே வந்து அளவெடுத்தார். 1764இல் அவர் வெளியிட்ட வரைபடப் புத்தகம்தான் இந்த அரண்மனையை ஐரோப்பாவுக்கு அறிமுகப்படுத்தியது. 1979இல் யுனெஸ்கோ பட்டியலில் பழைய நகரம் இடம்பெற்றது. அதன் பிறகு வந்தது சுற்றுலாக் கூட்டம். மதிலுக்குள் இருந்த குடும்பங்கள் பல வெளியேற, வீடுகள் வாடகை அறைகளாகிவிட்டன. ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாகக் குடியிருப்புதான் இந்தக் கற்களைக் காப்பாற்றியது. அது போய்விட்டால் எஞ்சுவது வெறும் காட்சிப்பொருள்தான்.

விடியற்காலையில் நடங்கள், சொகுசுக் கப்பல் கூட்டம் வருவதற்குள் சந்துகள் உங்களுக்கு. தேய்ந்து பளபளக்கும் சுண்ணாம்புக்கல் தரை மழையில் வழுக்கும், பிடிப்புள்ள செருப்பு அவசியம்.

காலில் தெம்பிருந்தால் சில கிலோமீட்டரில் சோலின். அதுதான் சலோனா, டல்மேஷியாவின் ரோமானியத் தலைநகரம். ஏழாம் நூற்றாண்டுப் படையெடுப்பில் அங்கிருந்து தப்பியோடிய மக்கள்தான் அரண்மனைக்குள் புகுந்து குடியேறினார்கள் என்பது மரபு. அவ்வளவு பெரிய நகரம் இன்று வயல்வெளிக்கு நடுவே அடித்தளக் கற்களாகக் கிடக்கிறது. ஒரு கிழவருக்காகக் கட்டிய வீடு ஊராகிவிட்டது. சோலினில் நிழல் குறைவு. கிளம்பும்போது ஸ்ப்ளிட் குழாயிலேயே பாட்டிலை நிரப்பிக்கொள்ளுங்கள். டயோக்ளீஷியன் கால்வாய் கட்டி வரவழைத்த யாத்ரோ ஆற்று நீர்தான் இன்றும் வருகிறது.