எச்சரிக்கை வந்தது, பூட்டு மாறவில்லை

2017 மே 12, வெள்ளிக்கிழமை. இங்கிலாந்தில் பல அரசு மருத்துவமனைகளின் கணிப்பொறித் திரைகளில் சிவப்பு நிறத்தில் ஓர் அறிவிப்பு தோன்றியது. கோப்புகள் பூட்டப்பட்டுவிட்டன, பணம் கொடுத்தால்தான் திறக்கும் என்றது அது. 'வான்னாகிரை' என்ற நச்சு நிரலின் வேலை இது. கணிப்பொறி விட்டுக் கணிப்பொறி தானே தாவக்கூடிய இந்நிரல், சுமார் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் அதிகமான கணிப்பொறிகளைப் பிடித்துக்கொண்டது.

இந்த நோய்க்கு மருந்து 59 நாட்களுக்கு முன்பே தயாராக இருந்தது என்பதுதான் வியப்பு! விண்டோஸ் மென்பொருளில் இருந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. 'எம்எஸ்17-010' என்று எண்ணிட்டு, ஆபத்து மிகக் கடுமையானது என்றும் குறித்திருந்தது.

இத்தகைய அறிவிப்பில் ஒரு சிக்கல் உண்டு. "எங்கள் பூட்டு வளைந்த ஆணிக்கே திறந்துவிடும், உடனே மாற்றுங்கள்" என்று பூட்டுக் கம்பெனி தண்டோரா போட்டால், அது வீட்டுக்காரர் காதில் மட்டுமா விழும்? திருடனும் கேட்பான் அல்லவா! சொல்லாமலும் இருக்க முடியாது. ஆகவே அறிவிப்பு வெளியானதும் இருவருக்கும் ஓட்டப்பந்தயம் தொடங்கிவிடுகிறது. இம்முறை பந்தயம் இன்னும் கடுமையாயிற்று. 'ஷேடோ புரோக்கர்ஸ்' என்ற கூட்டம் ஏப்ரல் 14 அன்று அந்த ஓட்டை வழியே நுழையும் கருவியையே இணையத்தில் வெளியிட்டுவிட்டது.

மருத்துவமனைகளுக்கு எச்சரிக்கை போகவில்லையா? போயிற்று. 'என்எச்எஸ் டிஜிட்டல்' என்ற அரசு அமைப்பு மார்ச் 17, ஏப்ரல் 28 என இரு முறை எச்சரித்தது. கணிப்பொறி நிர்வாகிகள் சோம்பேறிகள் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் இரவு பகலாக ஓடும் மருத்துவமனையில் கணிப்பொறியை நிறுத்தித் திருத்தம் செய்வது சுலபமல்ல. திருத்தத்தால் வேறு ஏதும் பழுதாகாதா என்று சோதிக்க வேண்டும். ஸ்கேன் கருவிக்குள் இருக்கும் கணிப்பொறியையோ தயாரித்த கம்பெனியின் உதவியின்றித் தொடுவதற்கில்லை.

பிரிட்டனின் தேசியத் தணிக்கை அலுவலகம் அதே ஆண்டு அக்டோபரில் அறிக்கை தந்தது. அதில் முக்கியமானதாக எனக்குப் படுவது இது: எச்சரிக்கைப்படி மருத்துவமனைகள் நடந்தனவா என்று சரிபார்க்க முறையான ஏற்பாடு எதுவும் சுகாதாரத் துறையிடம் இல்லை. ரத்தானதாகக் கணக்கில் வந்த மருத்துவச் சந்திப்புகள் 6,912. அவற்றுள் 139 பேர் புற்றுநோய் இருக்கலாம் என்ற ஐயத்தால் அவசரமாக அனுப்பப்பட்டவர்கள்.