91-ஆம் சங்கீதத்தில் ஒரு வினையிலாத் தொடர்

இடுக்கணினின்று விடுவித்து நீண்ட வாணாளால் நிறைவிப்பதாக இறைவன் அடியவனுக்குக் கூறும் உறுதிமொழிகள் 91-ஆம் சங்கீதத்தின் இறுதி மூன்று வசனங்களில் அமைந்துள்ளன. அதுகாறும் மாந்தர் குரலாய்ச் சென்ற பாட்டு, 14-ஆம் வசனத்தில் இறைவன் கூற்றாக மாறுகின்றது. எபிரேய மூலத்தில் அவ்வுறுதிமொழிகள் எட்டு. அவற்றுள் ஏழு தன்மை ஒருமை வினைமுற்றுக் கொண்டன. இடுக்கணில் உடனிருத்தலைக் கூறும் 15-ஆம் வசனத் தொடர் ஒன்றே வினையின்றி நிற்கின்றது. ஏனையவை இனி நிகழ்வன, இஃதோ காலங்காட்டாதது.

1871-இல் போவர் குழுவினர் வெளியிட்ட மொழிபெயர்ப்பு இத்தொடரை வினையெச்சமாக்கித் தப்புவித்தலோடு பிணைத்தது. தமிழ் நடைக்கு அஃது இயல்பே. ஆயினும், தனித்து நின்ற உறுதிமொழி, விடுதலைக்கு முற்படியாய்ச் சுருங்கிற்று. இது வெறும் இலக்கண வேறுபாடன்று. இளமையிலேயே மாண்ட அடியார் திறத்து இறைமொழி பொய்த்ததோ என வினவுவார்க்கு மூலம் தரும் விடை இத்தொடரிலேயே உளது என்பது எம் துணிபு. (இப்பாட்டின் 11, 12-ஆம் வசனங்களைக் காட்டி ஆலய உச்சியினின்று குதிக்கத் தூண்டிய சோதனைக்காரன், மத்தேயு கூறுமாறு, 15-ஆம் வசனத்தைத் தொட்டானல்லன்.) ஈற்று வசனத்தும் நாளின் நீட்சி கருவியாகவே வருகின்றது, ஆங்குள்ள வினை நிறைவித்தல். அஃது உண்டு பசியாறுதலுக்கும் எபிரேயர் வழங்கும் சொல்லடியினின்று பிறந்தது.