ஒரே ஓர் அண்டை நாடு: லெசோத்தோ

அனைத்துலக உறவுகள் பாடத்தின் இடுபணிக்கு நான் லெசோத்தோவைத் தேர்ந்தெடுத்தேன். “அது எங்கே இருக்கிறது?” என்றுதான் எல்லாரும் கேட்டார்கள். தென் ஆப்பிரிக்காவின் வரைபடத்தில் ஓட்டை விழுந்தது போல ஓரிடம் தெரியும், அதுதான் லெசோத்தோ. நம் பகாங் மாநிலத்தைவிடச் சற்றுச் சிறியது. மக்கள்தொகை ஏறத்தாழ 23 இலட்சம். கடல் இல்லை. எத்திசையில் நடந்தாலும் எல்லைக்கு அப்பால் தென் ஆப்பிரிக்காதான்.

பசோத்தோ மக்களை ஒன்றுதிரட்டிய மன்னர் முதலாம் மொஷ்வேஷ்வே. போயர் குடியேறிகள் வளமான சமவெளிகளைப் பறித்துக்கொண்டே வந்ததால் அவர் பிரிட்டனின் பாதுகாப்பை நாடினார். 1868இல் அது கிடைத்தது. தென் ஆப்பிரிக்காவுடன் இணைக்கப்படாமல் தப்பிய அந்நாடு, 1966 அக்டோபர் 4ஆம் நாள் விடுதலை பெற்றது. மன்னர் உண்டு, ஆட்சி நடத்துபவர் பிரதமர்.

விடுதலை கிடைத்தது சரி. ஆனால் உப்பு முதல் பெட்ரோல் வரை அந்த ஒரே அண்டை நாட்டின் வழியாகத்தானே வரவேண்டும்? பிரதமர் லியாபுவா ஜோனத்தன் நிறவெறி அரசை எதிர்க்கத் தொடங்கி, ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரஸ் அகதிகளுக்கு அடைக்கலம் தந்தார். 1982 டிசம்பரில் தென் ஆப்பிரிக்கப் படையினர் தலைநகர் மசேருவுக்குள் புகுந்து 42 பேரைக் கொன்றனர். 1986 சனவரி முதல் நாள் எல்லையை முடக்கினர். மூன்று வாரம்கூட ஆகவில்லை. சனவரி 20ஆம் நாள் இராணுவத் தளபதி லெக்கான்யா ஆட்சியைக் கைப்பற்றினார். முற்றுகை விலகியது.

இனி நடந்ததுதான் என்னைச் சிந்திக்க வைத்தது. பல்லாண்டுகளாகப் பேச்சளவிலேயே கிடந்த மலைநீர்த் திட்டத்திற்கு அதே 1986 அக்டோபரில் கையெழுத்தானது. லெசோத்தோவின் மலையாறுகளை அணைகட்டித் தடுத்து, சுரங்கவழியே ஜொகானஸ்பர்க் வட்டாரத்திற்கு நீர் அனுப்புவது அத்திட்டம். ஜொகூரிலிருந்து சிங்கப்பூருக்குக் குழாயில் நீர் போவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது புதிதல்ல. ஆனால் அங்கே வாங்குபவர் சிறியவர். இங்கே விற்பவர் சிறியவர், அதுவும் நாலாபுறமும் வாங்குபவரால் சூழப்பட்டவர். இந்த நிலையில் போட்ட கையெழுத்தை முழுச் சம்மதம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எனினும் நட்டம் மட்டுமே என்றும் சொல்லிவிட முடியாது. 185 மீட்டர் உயரமுள்ள கட்சே அணையிலிருந்து 1998இல் நீர் பாயத் தொடங்கியது முதல் லெசோத்தோவுக்கு உரிமத்தொகை கிடைக்கிறது. நீர் இறங்கும் வழியில் மின்சாரமும் எடுக்கிறார்கள்.

அதே 1998 செப்டம்பரில், தேர்தல் கலகத்தை அடக்க லெசோத்தோ அரசு உதவி கேட்டபோது, தென் ஆப்பிரிக்கப் படை மீண்டும் எல்லை தாண்டியது. இம்முறை நிறவெறி அரசு அல்ல, மண்டேலாவின் அரசு. முதல் நாளே அப்படை கைப்பற்றிய இடங்களுள் கட்சே அணையும் ஒன்று!

அண்டை நாட்டைத் தாண்டிய உறவு இல்லாமலில்லை. 2000ஆம் ஆண்டின் அமெரிக்க வணிகச் சட்டத்தால் வரியின்றி ஏற்றுமதி செய்ய வழி பிறந்தது. மசேருவில் ஜீன்ஸ் தைக்கும் ஆலைகள் பெருகின. 2025 ஏப்ரலில் அமெரிக்கா 50 விழுக்காடு வரி அறிவித்து, ஆகஸ்டில் அதை 15 ஆகக் குறைத்தது. அதற்குள் வாங்குவோர் தயங்க, பல தையல் தொழிலாளர்கள் வேலை இழந்துவிட்டனர். அமெரிக்காவுக்குப் போகும் அந்த ஜீன்ஸ் பெட்டிகளும் கப்பலேறுவதற்கு முதலில் தென் ஆப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்திற்குத்தான் போகவேண்டும்.