உயிரணுவின் உணவும் கழிவும்

இன்புளுயென்சாக் காய்ச்சலுக்குரிய தடுப்பு மருந்தைக் கோழி முட்டையில் ஆக்கும் வழக்கம் 1940-களில் தொடங்கி இன்றும் நீடித்து வருகிறது. கருவுற்ற முட்டைக்குள் வைரஸைச் செலுத்திப் பெருக்குவார்கள். இவ்வைரஸ் அடிக்கடி உருமாறுவதால் மருந்தையும் ஆண்டுதோறும் திருத்த வேண்டியிருக்கிறது. அதற்குக் கிடைக்கும் காலமோ சில மாதங்களே. அவ்வேளையில் பறவைக் காய்ச்சல் பரவிக் கோழிகள் மடிந்தால் முட்டைக்கு எங்கே போவது? அறிஞர்கள் வேறு வழி தேடியதற்கு இக்கவலையும் ஒரு காரணமாகும்.

1958-இல் அமெரிக்காவில் மேடின், டார்பி என்னும் இருவர் ஒரு நாயின் சிறுநீரகத்திலிருந்து உயிரணுக்களைப் பிரித்து வளர்த்தனர். அவற்றின் வழித்தோன்றல்கள் இன்றும் பெருங்கலன்களில் பெருகி வருகின்றன. அவற்றில் வளர்த்த வைரஸைக் கொண்டு செய்த மருந்துக்கு ஐரோப்பாவில் 2007-லும் அமெரிக்காவில் 2012-லும் அனுமதி கிடைத்தது.

மாணவ நண்பர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். உடலில் உள்ள உயிரணுவுக்கு இரத்தம் உணவைக் கொண்டு வருகிறது. கழிவையும் அதுவே எடுத்துச் செல்கிறது. மூடிய கலத்தில் அவ்வசதி இல்லை. உண்ட இடத்திலேயே கழித்து, அக்கழிவிடையே வாழ்ந்தாக வேண்டும். இவ்வுயிரணுக்களோ சிக்கனம் அறியாதவை! பிராணவாயு தாராளமாக இருந்தும் குளுக்கோஸை முற்றும் எரிக்காமல், பெரும்பகுதியை லாக்டிக் அமிலமாக்கி வெளியே தள்ளுகின்றன. நம் வீட்டுத் தயிரைப் புளிக்க வைப்பதும் இதே அமிலந்தான். குளுட்டமின் என்னும் அமினோ அமிலம் இவற்றின் மற்றோர் உணவு. அது சிதையும்போது அம்மோனியா பிறக்கிறது.

புளிப்பைக் காரம் சேர்த்துச் சமன் செய்துவிடலாம். அம்மோனியாதான் பொல்லாதது. அது உயிரணுவின் வளர்ச்சியைக் குன்றச் செய்வதோடு வைரஸுக்கும் தடையாகிறது. உயிரணு வைரஸை ஒரு நுண்ணிய பைக்குள் அடைத்தே உள்ளே இழுத்துக்கொள்கிறது. அப்பையில் அமிலத்தன்மை ஏறினால்தான் வைரஸின் மேற்புறப் புரதம் உருமாறிப் பையின் சுவரோடு இணையும். வழி திறந்து வைரஸின் மரபுப்பொருள் வெளிப்படும். அம்மோனியாவோ பைக்குள் நுழைந்து அமிலத்தைத் தணித்துவிடுகிறது. வைரஸ் சிறைப்பட்டுக் கிடக்கிறது.

இதை முதன்முதலில் படித்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சற்றுநேரம் வியந்திருந்தேன். உயிரணுவின் கழிவே அதற்குக் கவசமாகிறது. மருந்து செய்வோரோ, கலத்துக்குள் மட்டும் பகைவனே வெல்ல வேண்டும் என்று விரும்புகிறார்கள்!

வைரஸைச் சேர்க்குமுன் பழைய ஊட்டநீரை வடித்துவிட்டுப் புதியதை நிரப்புவது ஒரு வழி. சிறு குடுவையில் இது எளிது. ஆயிரக்கணக்கான லிட்டர் கொள்ளும் கலத்தில் பெருஞ்செலவு. ஜெர்மனியில் மாக்டெபுர்க் நகரத்து மாக்ஸ் பிளாங்க் ஆராய்ச்சி நிலையத்தார் உணவையே மாற்றிப் பார்த்தனர். குளுட்டமினை நீக்கிவிட்டுப் பைருவேட்டைக் கொடுத்தனர். குளுக்கோஸ் உடையும்போது உயிரணுவுக்குள் இயல்பாகவே தோன்றும் பொருள் அது; நைட்ரஜன் இல்லாததால் அதிலிருந்து அம்மோனியா பிறக்க வழியில்லை. 2005-இல் வெளியான அவர்களது முடிவின்படி உயிரணுக்கள் தடையின்றி வளர்ந்தன. அம்மோனியா வெகுவாகக் குறைந்தது. வைரஸின் விளைச்சலும் குன்றவில்லை.