கண்மாய்க்கு மான்யம் எங்கே கிடைக்கும்?

புது டில்லி மந்திர் மார்க்கில் பிர்லா மந்திருக்குப் பின்புறம் மேடாக எழுந்து நிற்கும் காட்டை 'ரிட்ஜ்' என்பார்கள். தமிழ்ப் பள்ளிக்குப் பிள்ளைகளைக் கொண்டுவிட வரும் நம்மவர்களில் பலர் அதை ஏறிட்டுப் பார்ப்பதில்லை. பார்த்தால் ஊர்க்காரன் ஒருவனைக் காணலாம். இங்குள்ளவர்கள் 'விலாயதி கீக்கர்' என்று சொல்லும் மரம், இராமநாதபுரம், சிவகங்கைச் சீமைகளில் கண்மாய் தோறும் மண்டிக் கிடக்கும் அதே சீமைக் கருவேல மரம்தான். வெள்ளைக்காரன் காலத்தில் இங்கே நட்டது, மற்ற மரங்களை வளரவிடாமல் காட்டையே பிடித்துக்கொண்டது.

இந்த மரத்தை ஒடுக்கி, டில்லி மண்ணுக்குரிய மரங்களை மீண்டும் கொண்டுவர டில்லி மந்திரி சபை 2021-ல் 12 கோடியே 21 லட்சம் ரூபாய் ஒதுக்கியது. பரப்பு 423 ஹெக்டேர். வெட்டிச் சாய்க்காமல், கிளைகளைக் கழித்து வெளிச்சம் விழச் செய்து, அடியில் நாட்டு மரங்களை வளர்ப்பது திட்டம். கணக்குப் போட்டால் ஏக்கருக்கு ஏறக்குறைய 1 லட்சத்து 17 ஆயிரம் ரூபாய் வருகிறது. குமாஸ்தா புத்தி, கணக்குப் போடாமல் இருக்காது!

இந்தச் செய்தியைச் சொன்னதும் ஞாயிற்றுக்கிழமை கூடும் நம் ஊர்க்காரர்கள் கேட்கிற கேள்வி ஒன்றே. "டில்லிக் கருவேலத்துக்குக் கோடி கிடைக்கிறது, எங்கள் கண்மாய்க் கருவேலத்துக்கு யார் கொடுப்பார்கள்?" கேள்வியில் நியாயம் உண்டு. கண்மாய் தூர்ந்தால் கிணறு வற்றுகிறது. கிணறு வற்றினால் ஊரில் இருக்கும் வயதான தாய் தகப்பன் குடத்தைத் தூக்கிக்கொண்டு லாரித் தண்ணீருக்கு நிற்கிறார்கள். இங்கிருந்து நாம் அனுப்பும் மணியார்டரில் ஒரு பங்கு தண்ணீருக்கே போய்விடுகிறது.

உலகில் இதற்கென்று பணம் இல்லாமல் இல்லை. பருவநிலை மாற்றத்துக்கென 2010-ல் நிறுவ முடிவான பசுமைப் பருவநிலை நிதிக்குத் தென் கொரியாவில் தலைமை அலுவலகம். இந்தியாவில் அதற்கு நேரடியாகத் திட்டம் அனுப்பும் தகுதியை முதலில் பெற்றது நபார்டு வங்கி, 2015-ல். ஒடிசாவில் குளங்கள் வழியாக நிலத்தடி நீரைப் பெருக்கும் திட்டத்துக்கு 2017-ல் இந்த நிதி 3 கோடியே 43 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டது. ஆனால் அது மாநில சர்க்கார் எழுதிய திட்டம். கிராமத்துச் சங்கம் அங்கே மனுப் போட வழியில்லை. அதே 2015-ல் மத்திய சர்க்கார் தொடங்கிய தேசியத் தகவமைப்பு நிதியிலிருந்து மன்னார் வளைகுடாவின் கடலோரப் பகுதிக்குப் பணம் வந்தது. அதுவும் மாநில சர்க்கார் வழியாகத்தான். 2022 நவம்பரோடு அந்த நிதி தனித் திட்டமாக இல்லாமல் போயிற்று.

சிறிய சங்கங்களுக்கென்றே உள்ளது உலகச் சுற்றுச்சூழல் வசதி நிதியின் சிறு மான்யத் திட்டம். 1992-ல் தொடங்கி, ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் மூலம் நடப்பது. பல காலமாக ஒரு சங்கத்துக்கு உச்சவரம்பு 50 ஆயிரம் டாலர் என்றே வழங்கிவந்தார்கள். பதிவான சங்கமாக இருக்கவேண்டும், நம் பங்கும் இருக்கவேண்டும். அந்தப் பங்கை ரொக்கமாகத்தான் தரவேண்டும் என்பதில்லை. ஊரார் மண் சுமந்த கூலியையும் கணக்கில் காட்டலாம். எத்தனை ஆள், எத்தனை நாள் என்று நோட்டில் எழுதி வைத்திருந்தால்தான் அது செல்லும். நோட்டு இல்லாத ஊர்கள்தான் அதிகம்.

வெளிநாட்டுப் பணம் என்றதும் நம்மவர்களுக்கு ஒரு பயம், ஒரு ஆசை. சட்டம் என்ன சொல்கிறது? வெளிநாட்டு நன்கொடை வாங்கும் சங்கம் உள்துறை இலாகாவில் பதிவு செய்யவேண்டும். சங்கத்துக்கு மூன்று வயதாகி, அந்த மூன்று ஆண்டில் 15 லட்ச ரூபாய் தன் நோக்கத்துக்கே செலவழித்திருக்கவேண்டும். 2020-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, கன்னியாகுமரிச் சங்கமானாலும் காஷ்மீர்ச் சங்கமானாலும், வெளிநாட்டுப் பணம் முதலில் வந்து இறங்கவேண்டிய இடம் ஒன்றே: டில்லி பார்லிமென்ட் தெருவில் உள்ள ஸ்டேட் வங்கிக் கிளை. மந்திர் மார்க்கிலிருந்து நடந்தே போய்விடலாம். ஒரு சங்கம் வாங்கிய பணத்தை இன்னொரு சங்கத்துக்குப் பிரித்துக் கொடுப்பதும் அந்தத் திருத்தத்தோடு நின்றது. பெரிய சங்கத்தின் நிழலில் சிறிய சங்கம் ஒதுங்கிய காலம் முடிந்தது.

இதில் பலர் அறியாத இரண்டு சங்கதிகள் உண்டு. ஐ.நா. சபையும் அதன் விசேஷ நிறுவனங்களும், உலக வங்கியும் இந்தச் சட்டத்தின் கணக்கில் 'வெளிநாட்டு மூலம்' ஆகா. இரண்டாவது, நம் வீட்டுச் சங்கதி. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் சித்தப்பா இந்தியப் பாஸ்போர்ட்டே வைத்திருந்தால், அவர் தம் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அவர் சிங்கப்பூர்ப் பிரஜை ஆகிவிட்டாலோ, அதே சித்தப்பா அனுப்பும் அதே நூறு ரூபாய் சங்கத்தைப் பொறுத்தவரை வெளிநாட்டு நன்கொடை. வாங்குமுன் கேட்டுக்கொள்வது நல்லது.

கம்பெனிகளின் பணம் இன்னொரு வழி. 2013 கம்பெனிச் சட்டப்படி, பெரிய கம்பெனிகள் மூன்று ஆண்டு லாபச் சராசரியில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிடவேண்டும். சுற்றுச்சூழலும் அதில் சேரும். தாங்கள் தொழில் நடத்தும் வட்டாரத்துக்கு முன்னுரிமை கொடு என்று சட்டம் சொல்வதால், ஊருக்கு அருகில் எந்த ஆலை, எந்த மின் நிலையம் என்று பார்த்தே கேட்கவேண்டும். டில்லித் தலைமை அலுவலகத்தில் நமக்குத் தெரிந்த ஸ்டெனோ இருக்கிறார் என்பதால் மட்டும் கண்மாய்க்குப் பணம் வந்துவிடாது.

சென்ற ஆண்டு நண்பர் ஒருவர் ஒரு காகிதத்தை நீட்டினார். 'கார்பன் நிதி ஒரு கோடி, பதிவுக் கட்டணம் 25 ஆயிரம்' என்று அச்சிட்டிருந்தது. பூமிப் படம் போட்ட முத்திரையும் இருந்தது. ஊர்க்காரர்கள் தலைக்கு ஆயிரம் வீதம் வசூலிக்கவும் தொடங்கியிருந்தார்கள். மான்யம் தருகிறவன் நம்மிடமே முன்பணம் கேட்டால் அவன் மான்யம் தருகிறவன் இல்லை என்று சொல்லி, வசூலைத் திருப்பிக் கொடுக்க வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

எந்த மான்யத்துக்கும் முதலில் கேட்கப்படுவது கண்மாய் யாருடையது என்பதே. 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ளவை பொதுவாக நீர்வளத் துறையிடமும், சிறியவை ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கும். சர்வே எண், அ பதிவேட்டு நகல், புலப்படம் இம்மூன்றும் கையில் இல்லாமல் எந்த வாசலிலும் நிற்கவேண்டாம். சொந்தக்கார இலாகாவின் அனுமதி இல்லாமல் ஒரு கூடை வண்டலும் எடுக்க முடியாது.

ஆகவே டில்லியில் இருப்பவர்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளது, தமிழக சர்க்காரின் 'நமக்கு நாமே' திட்டம் என்பது என் அபிப்பிராயம். 1997-98-ல் தொடங்கி, இடையில் நின்று, 2021-22-ல் மீண்டும் வந்தது. மக்கள் பங்கு குறைந்தது மூன்றில் ஒன்று. சில வேலைகளுக்குப் பாதி. மீதி சர்க்காருடையது. 2017-ல் குடிமராமத்துக்குப் பாசனக்காரர்களிடம் 10 சதவீதமே கேட்டார்கள் என்பதை நினைத்தால் இது கூடுதல்தான். ஆனால் மூன்று லட்ச ரூபாய் வேலைக்கு ஒரு லட்சம் என்றால், 50 குடும்பங்களுக்குத் தலைக்கு இரண்டாயிரம். கும்பாபிஷேகத்துக்கு இதைவிட அதிகம் கொடுத்திருக்கிறோம்.

கிராமப்புறத்தில் மனுவைக் கலெக்டரிடம் கொடுக்கவேண்டும். திங்கட்கிழமை தோறும் கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள். வெள்ளிக்கிழமை இரவு புது டில்லியில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஏறினால் ஞாயிறு காலை சென்னை. அன்று மாலை ராமேஸ்வரம் வண்டியைப் பிடித்தால் திங்கள் விடிகாலை இராமநாதபுரத்தில் இறங்கிவிடலாம். முன்பதிவு இப்போது 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது.