டிராக்டர் காப்பீடு: ஒருவருக்குக் குறைவு, மற்றவருக்குக் கூடுதல் ஏன்?

ஒரே ஊரில் இரண்டு விவசாயிகள் ஒரே கம்பெனியின் டிராக்டரை வைத்திருக்கிறார்கள். குதிரைத்திறனும் ஒன்றே. ஆனால் ஆண்டுதோறும் இன்சூரன்சுக்காக ஒருவர் கட்டும் தொகை மற்றவர் கட்டுவதைவிட மிகவும் கூடுதலாக இருக்கிறது. கூடுதலாகக் கட்டியவர் ஏஜெண்டின் மேல் சந்தேகப்படுகிறார். பெரும்பாலும் காரணம் ஏஜெண்டு அல்ல. பிரிமியம் கணக்கிடும் முறையே காரணம். அம்முறையை அறிந்துகொண்டால் வீண் செலவைக் குறைக்கலாம். விபத்து நேர்ந்தால் நிலத்தை விற்க வேண்டிய நிலை வராமலும் காத்துக்கொள்ளலாம்.

பிரிமியத்தில் இரு பங்குகள்

பாலிசியில் இரு பங்குகள் உண்டு. முதலாவது, நம் வண்டியால் பிறருக்கு ஏற்படும் உயிரிழப்பு, காயம், பொருள் சேதம் ஆகியவற்றுக்கானது. இதனை 'மூன்றாம் நபர் காப்பீடு' என்பர். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி இது கட்டாயம். இதற்கான கட்டணத்தை அரசே நிர்ணயிப்பதால், ஒரே வகை வண்டிக்கு எந்தக் கம்பெனியிலும் ஒரே தொகைதான். உதாரணமாக, 2022 ஜூன் 1 முதல் அமலுக்கு வந்த அறிவிப்பில் 1000 சி.சி. வரையுள்ள சொந்தக் காருக்கு ரூ.2,094, 1500 சி.சி. வரை ரூ.3,416, அதற்கு மேல் ரூ.7,897 என வகுக்கப்பட்டது.

இரண்டாவது, நம் வண்டிக்கே ஏற்படும் சேதம், தீ, திருட்டு ஆகியவற்றுக்கான 'சொந்தச் சேதக் காப்பீடு'. 2007 ஜனவரி முதல் இதற்கான விகிதத்தைக் கம்பெனிகளே நிர்ணயிக்கின்றன. ஆளுக்கு ஆள் தொகை வேறுபடுவது பெரும்பாலும் இந்தப் பங்கில்தான்.

வண்டியின் வயது

சொந்தச் சேதப் பிரிமியம் வண்டியின் மதிப்பைப் பொறுத்தது. கம்பெனி விற்பனை விலையிலிருந்து தேய்மானத்தைக் கழித்து இம்மதிப்பைக் கணக்கிடுகிறார்கள். ஆறு மாதம் வரை 5 சதம், ஓர் ஆண்டு வரை 15 சதம், இரண்டு ஆண்டு வரை 20 சதம், மூன்று ஆண்டு வரை 30 சதம், நான்கு ஆண்டு வரை 40 சதம், ஐந்து ஆண்டு வரை 50 சதம் கழிக்கப்படும். ரூ.8 லட்சம் விலையுள்ள டிராக்டர் இரண்டு ஆண்டு முடிந்து மூன்றாம் ஆண்டில் இருந்தால் அதன் மதிப்பு ரூ.5,60,000. ஐந்து ஆண்டுக்குப் பின் இரு தரப்பும் பேசி மதிப்பை முடிவு செய்ய வேண்டும்.

பிரிமியம் குறையும் என்று எண்ணிச் சிலர் மதிப்பை மிகவும் தாழ்த்திப் பதிவு செய்கிறார்கள். இது தவறு. வண்டி திருடு போனாலோ, முழுவதும் நாசமானாலோ அந்தக் குறைந்த தொகைதான் கைக்கு வரும்.

கிளெய்ம் கேட்காதவருக்குச் சலுகை

பிரிமியம் வேறுபடுவதற்கு மற்றொரு முக்கியக் காரணம் 'கிளெய்ம் இல்லா போனஸ்'. ஓர் ஆண்டு முழுவதும் இழப்பீடு கேட்காமல் இருந்தால் அடுத்த ஆண்டு சொந்தச் சேதப் பிரிமியத்தில் 20 சதம் தள்ளுபடி கிடைக்கும். தொடர்ந்து கேட்காமல் இருந்தால் இது 25, 35, 45 என உயர்ந்து ஐந்து ஆண்டுகளில் 50 சதத்தை எட்டும். ஒரு முறை கிளெய்ம் வாங்கினால் மறு ஆண்டு போனஸ் பூஜ்யமாகிவிடும்.

ஒருவரது சொந்தச் சேதப் பிரிமியம் ரூ.6,000 என்றும், அவர் 50 சத போனஸ் பெறுகிறார் என்றும் வைத்துக்கொள்வோம். மட்கார்டு நெளிந்ததற்கு ரூ.2,000 கிளெய்ம் வாங்கினால் அடுத்த ஆண்டே ரூ.3,000 தள்ளுபடியை இழக்கிறார். மீண்டும் 50 சதத்தை எட்டுவதற்குள், பிரிமியம் மாறாமல் இருந்தால், மொத்தம் ரூ.7,500 இழப்பார். எனவே சில்லறைச் சேதங்களைக் கைப்பணத்தில் சரிசெய்துகொண்டு, பெரிய சேதத்திற்கு மட்டும் கிளெய்ம் கேட்பதே லாபம்.

பாலிசி முடிந்து 90 நாட்களுக்குள் புதுப்பிக்காவிட்டாலும் சேர்த்து வைத்த போனஸ் போய்விடும். அதற்காக 90 நாள் காத்திருக்கவும் கூடாது. இடையில் விபத்து நேர்ந்தால் காப்பீடு கிடையாது. இந்த போனஸ் வண்டிக்கு உரியதன்று, உரிமையாளருக்கு உரியது. பழைய டிராக்டரை வாங்குபவருக்கு விற்றவரின் போனஸ் சேராது. வாங்கியவர் 14 நாட்களுக்குள் பாலிசியைத் தம் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும்.

விபத்துக் காப்பீடு இருமுறை வேண்டாம்

உரிமையாளரே ஓட்டுநராக இருந்தால் அவருக்கு ரூ.15 லட்சத்திற்குத் தனிநபர் விபத்துக் காப்பீடு எடுக்க வேண்டும். மோட்டார் சைக்கிள் பாலிசியுடனோ தனியாகவோ இதை ஏற்கனவே எடுத்தவர் டிராக்டருக்கு மறுபடி எடுக்கத் தேவையில்லை. 2019 ஜனவரி முதல் இவ்வசதி உள்ளது. இதைச் சொல்லாதவர்கள் இருமுறை பணம் கட்டுகிறார்கள்.

ஓட்டுபவரைப் பார்ப்பதுண்டா?

அமெரிக்கா, இங்கிலாந்து போன்ற நாடுகளில் கார் ஓட்டுபவரின் வயது, முந்தைய விபத்துகள், ஆண்டில் ஓடும் தூரம் இவற்றைக் கொண்டு பிரிமியம் பெரிதும் மாறும். நம் நாட்டில் வண்டியையே முதன்மையாகப் பார்க்கிறார்கள். எனினும் ஓடும் தூரம், ஓட்டும் விதம் இவற்றைக் கணக்கில் கொள்ளும் திட்டங்களுக்கு 2022 ஜூலையில் அனுமதி வழங்கப்பட்டது.

குறைந்த பிரிமியம் மட்டும் போதாது

சிலரது பிரிமியம் குறைவாக இருப்பதற்குக் காரணம், தேவையானதை அவர்கள் சேர்க்காமல் விட்டதே. டிரெய்லருக்குத் தனியே பிரிமியம் கட்டி அதன் எண்ணைப் பாலிசியில் சேர்க்க வேண்டும். விவசாய உபயோகத்திற்கென எடுத்த பாலிசியை வைத்துக்கொண்டு செங்கல், மணல் வாடகைக்கு ஏற்றினாலோ, திருவிழாவிற்கு ஆட்களை ஏற்றிச் சென்றாலோ, விபத்தின்போது கம்பெனி பொறுப்பை மறுக்க இடமுண்டு.

உரிமம் இல்லாதவரிடம் சாவியைக் கொடுப்பதும் ஆபத்து. அத்தகைய வழக்குகளில் பாதிக்கப்பட்டவருக்குக் கம்பெனி இழப்பீடு கொடுத்துவிட்டு, அத்தொகையை உரிமையாளரிடம் வசூலிக்கலாம் என்பதை உச்ச நீதிமன்றம் 2004-இல் தெளிவாக்கியுள்ளது. லட்சக்கணக்கில் வரும் அத்தொகைக்குச் சிறு விவசாயிக்கு நிலத்தைத் தவிர வேறு எதுவும் இராது.

கவனத்தில் கொள்ள வேண்டியவை

புதுப்பிக்கும் முன் இரண்டு மூன்று கம்பெனிகளில் விலை கேட்க வேண்டும். வண்டியின் மதிப்பு, போனஸ் சதம், டிரெய்லர் எண், உபயோகம் ஆகிய நான்கையும் பாலிசியில் படித்துச் சரிபார்க்க வேண்டும். படிக்க இயலாதவர்கள் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளைக் கொண்டாவது படிக்கச் செய்யலாம். முடிவு தேதியை வீட்டுக் காலண்டரில் குறித்து வைத்து ஒரு வாரம் முன்னதாகவே பணம் கட்டினால், போனஸும் நிலைக்கும், நிலமும் நிலைக்கும்.