வேலை அந்தப் பக்கம், வீடு இந்தப் பக்கம்: பராமரிப்புத் தொழிலாளர்க்கு விபத்து இழப்பீடு

வாளையாறு, மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் வழியாகப் பாலக்காட்டுக்கும், போடிமெட்டு, குமுளி வழியாக இடுக்கிக்கும் அன்றாடம் வேலைக்குச் செல்வோரில் ஒரு பிரிவினர் ஓடும் இயந்திரத்துக்காகச் செல்வதில்லை. நின்றுபோன இயந்திரத்தை ஓடவைக்கச் செல்கின்றனர். ஃபிட்டர், எலெக்ட்ரீசியன், வெல்டர், பாய்லர் பார்ப்பவர், லிஃப்ட் மெக்கானிக் எனப் பல பெயர்கள் அவர்களுக்கு உண்டு. கஞ்சிக்கோட்டின் உருக்காலைகளும், மூணாறு, பீர்மேடு மலைகளின் தேயிலைத் தொழிற்சாலைகளும், இடுக்கியின் நீர்மின் நிலையங்களும் இவர்களை நம்பியே இயங்குகின்றன.

இயந்திரத்தை இயக்குபவர் காவல் மூடி பொருத்தப்பட்ட பிறகே வேலையைத் தொடங்குகிறார். பராமரிப்பவரோ அந்த மூடியைக் கழற்றிய பிறகுதான் தொடங்க முடியும். அவருடைய ஆபத்தின் தன்மை இதிலேயே விளங்கும். 2007 செப்டம்பரில் இடுக்கி மாவட்டம் பன்னியாறு மின்நிலையத்தின் அழுத்த நீர்க்குழாய் வெடித்து உயிர்கள் பலியானதை அப்பகுதியினர் இன்னும் மறக்கவில்லை. அத்தகைய பெருவிபத்துகள் செய்தியாகின்றன. உருளைக்கிடையில் சிக்கிய விரலும், ஏணியிலிருந்து விழுந்து முறிந்த இடுப்பும் செய்தியாவதில்லை. பல நேரங்களில் இழப்பீட்டு மனுவாகவும் ஆவதில்லை. சட்டம் இல்லாததால் அன்று, சான்று இல்லாததால்தான் பெரும்பாலான உரிமைகள் கைநழுவுகின்றன என்பது நம் கருத்து.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 2010 ஜனவரி முதல் பணியாளர் இழப்பீட்டுச் சட்டம் எனப் பெயர் பெற்றது. 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அதன் இடத்துக்கு வந்திருக்கிறது. பெயர் மாறினும் அடிப்படை மாறவில்லை. வேலையின் காரணமாகவும் வேலையின் போக்கிலும் காயம் ஏற்பட்டால் வேலையளிப்பவர் இழப்பீடு தரவேண்டும். அவர் மீது தவறு இருந்ததென்று தொழிலாளி மெய்ப்பிக்க வேண்டியதில்லை. குடிபோதை, பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறுதல், காவல் கருவியை வேண்டுமென்றே அகற்றுதல் ஆகிய காரணங்களைக் காட்டி வேலையளிப்பவர் மறுக்கலாம். ஆனால் மரணமோ நிரந்தர முழு ஊனமோ நேர்ந்திருந்தால் இந்த மறுப்புகள் செல்லா. மேலும், ‘வேண்டுமென்றே’ என்ற சொல்லைப் பராமரிப்புத் தொழிலாளர்கள் நன்கு மனத்தில் இருத்த வேண்டும். பழுது பார்க்கும் பொருட்டு மூடியைக் கழற்றுவது அவருக்கு இடப்பட்ட வேலையே அன்றிக் கட்டளை மீறல் ஆகாது. அந்த வேலை இன்னாரால் இன்ன நேரத்தில் ஒப்படைக்கப்பட்டது என்பதற்கு வேலை அனுமதிச் சீட்டோ, பழுதுப் பதிவேட்டின் ஒரு வரியோ, மேற்பார்வையாளர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியோ இருந்தால் இந்த வாதம் வலுப்பெறும்.

எந்த வாயிலில் போய் நிற்பது என்ற கேள்வி அடுத்து வருகிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ பணியாற்றும் நிறுவனத்தில், மாத ஊதியம் 21,000 ரூபாய்க்கு மிகாதவராக, ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் ஒருவர் இருந்தால், அவருக்குரிய பலன் அங்கிருந்தே வரும். அதே காயத்துக்கு வேலையளிப்பவரிடம் தனியாக இழப்பீடு கோர இயலாது. இது இழப்பன்று. தற்காலிக ஊனக் காலத்தில் ஈ.எஸ்.ஐ. ஏறத்தாழ 90 விழுக்காடு ஊதியத்தைத் தருகிறது. இழப்பீட்டுச் சட்டமோ பதினைந்து நாள்களுக்கு ஒருமுறை மாத ஊதியத்தில் 25 விழுக்காடு மட்டுமே தருகிறது. வேலை விபத்துக்கான ஊனப் பலனுக்கு இத்தனை மாதம் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் ஈ.எஸ்.ஐ.யில் இல்லை. ஆயினும் மலைப்பகுதியில் ஒரு நுட்பம் உண்டு. தேயிலை தயாரிப்பைச் சட்டம் பருவகாலத் தொழிற்சாலை வகையில் சேர்த்திருப்பதால் அத்தகைய தொழிற்சாலைகள் ஈ.எஸ்.ஐ.யின் கட்டாய வரம்புக்கு வெளியே நிற்கின்றன. ஆகவே கஞ்சிக்கோட்டில் வேலை செய்யும் அண்ணனுக்கு ஈ.எஸ்.ஐ.யும், மூணாற்றில் அதே வேலையைச் செய்யும் தம்பிக்கு இழப்பீட்டுச் சட்டமும் பொருந்துவது இயல்பே.

தொகை எவ்வளவு? கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் மாத ஊதியத்தின் உச்சவரம்பு 2020 ஜனவரி 3 முதல் 15,000 ரூபாய். அதற்கு மேல் சம்பாதித்தாலும் 15,000 என்றே கொள்ளப்படும். வயதுக்கேற்ப ஓர் எண் அட்டவணையில் தரப்பட்டுள்ளது. 30 வயதுக்கு அது 207.98, 40 வயதுக்கு 184.17. மரணமெனில் ஊதியத்தில் பாதியையும், நிரந்தர முழு ஊனமெனில் 60 விழுக்காட்டையும் அந்த எண்ணால் பெருக்க வேண்டும். முப்பது வயது ஃபிட்டர் ஒருவர் இறந்தால் குடும்பத்துக்கு 15,59,850 ரூபாய். முழு ஊனமுற்றால் அவருக்கு 18,71,820 ரூபாய். கட்டைவிரலை இழந்தால் அட்டவணை 30 விழுக்காடு என்கிறது. அதாவது 5,61,546 ரூபாய். மருத்துவச் செலவு தனி. அதை உச்சவரம்பின்றி வேலையளிப்பவர் ஈடுசெய்ய வேண்டும்.

ஆனால் அட்டவணையின் விழுக்காட்டோடு எல்லாம் முடிந்துவிட்டதாக எண்ண வேண்டாம். திரையரங்கின் அலங்கார மரவேலையின்போது விழுந்து, இடக்கை முழங்கைக்கு மேலே துண்டிக்கப்பட்ட தச்சர் ஒருவரின் வழக்கை 1975 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் விசாரித்தது. ஒரு கை மட்டுமே போயிற்று என்பது வேலையளித்தவரின் வாதம். ஒரு கையால் தச்சு வேலை செய்ய முடியாதே என்று கூறி, நூறு விழுக்காடு உழைப்புத்திறன் இழப்பு என்ற ஆணையரின் முடிவை நீதிமன்றம் உறுதிசெய்தது. விபத்து நடந்த நாளிலிருந்தே இழப்பீடு தர வேண்டிய பொறுப்பு எழுகிறது என்றும் அதே தீர்ப்பு கூறியது. ஏணி ஏறித்தான் பிழைக்க வேண்டிய எலெக்ட்ரீசியனுக்குக் கால் முறிவு என்னவாகும், நுண்ணிய வேலை பார்ப்பவருக்கு ஒரு கண்ணின் பார்வை என்னவாகும் என்பதை மருத்துவச் சான்றில் எழுதச் செய்வது இதனால்தான் முக்கியமாகிறது. ‘25 விழுக்காடு ஊனம்’ என்று மட்டும் எழுதிய சான்று, அவர் தொழிலைத் தொடர முடியுமா என்பதைச் சொல்வதில்லை.

ஒப்பந்ததாரர் மூலம் வந்தவர்களிடம் நாம் அடிக்கடி காணும் தயக்கம் ஒன்று உண்டு. ‘ஆலைக்கு என்னைத் தெரியாது, என்னைக் கூட்டி வந்தவர் கைவிரித்துவிட்டார்’ என்பார்கள். தன் தொழிலின் வழக்கமான பகுதியாக உள்ள வேலையைத் தன் வளாகத்தில் ஒப்பந்தம் மூலம் செய்விக்கும் நிறுவனம், தன் நேரடிப் பணியாளருக்குத் தருவதைப் போலவே அவர்களுக்கும் இழப்பீடு தரவேண்டும் என்பது சட்டம். கொடுத்ததை அந்நிறுவனம் ஒப்பந்ததாரரிடம் வசூலித்துக்கொள்ளலாம். அது அவர்களுக்கிடையேயான கணக்கு.

வேலைக்குப் போகும் வழியில் விபத்து நேர்ந்தால்? கேரளத்தில் 1971இல் ஒரு தொழிலாளி மாலைப் பணிக்குச் சைக்கிளில் செல்கையில் ஆலைக்கு ஒரு கிலோமீட்டர் முன்னால் லாரி மோதியது. அது வேலை விபத்தன்று என்று 1996இல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. பின்னர் 2010இல் ஈ.எஸ்.ஐ. சட்டம் திருத்தப்பட்டு, நேரம், இடம், சூழல் ஆகியவற்றால் வேலையோடு தொடர்புடைய பயண விபத்து ஏற்கப்பட்டது. 2025 ஜூலையில், பின்னிரவுப் பணிக்குச் சென்ற சர்க்கரை ஆலைக் காவலாளியின் மரணத்தில் இழப்பீட்டுச் சட்டத்துக்கும் அதே பொருளை நீதிமன்றம் விரித்தளித்தது. புதிய சட்டத் தொகுப்பும் அவ்வாறே சொல்கிறது. நள்ளிரவில் ‘மோட்டார் நின்றுவிட்டது, உடனே வா’ என்று அழைக்கப்படுபவருக்கு இது பெரிய மாற்றம். அழைப்பு வந்த நேரத்தைக் கைபேசி காட்டும். அதை அழித்துவிடக் கூடாது. சாலை விபத்தெனில் மோட்டார் வாகனச் சட்டத்தின்படியும் கோரலாம். ஆனால் இரண்டில் ஒன்றையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

எல்லைப்புற வாசகர்கள் அதிகம் அறியாத செய்தி இனிதான் வருகிறது. கேரளத்தில் காயமடைந்தால் கேரளத்திலேயே வழக்கு நடத்த வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. விபத்து நடந்த இடம், பாதிக்கப்பட்டவரோ அவர் குடும்பத்தினரோ வழக்கமாக வசிக்கும் இடம், வேலையளிப்பவரின் பதிவு அலுவலகம் உள்ள இடம் ஆகியவற்றுள் எதற்குரிய அதிகாரியிடமும் மனு அளிக்கலாம். பொள்ளாச்சிக்காரர் கோயம்புத்தூரிலும், போடிக்காரர் தம் மாவட்டத்துக்குரிய தொழிலாளர் துறை அதிகாரியிடமும் கோரலாம். கேரளத்திலேயே குடியிருப்போருக்கும் மொழி தடையாக வேண்டியதில்லை. 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், மொழிச் சிறுபான்மைப் பகுதிகளில் தமிழர்கள் அரசு அலுவலகங்களுக்குத் தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் இடமளிக்கிறது. தேவிகுளம், பீர்மேடு, சித்தூர் வட்டத்தார் இதைப் பயன்படுத்தலாம். விபத்து நடந்த இரண்டு ஆண்டுகளுக்குள் மனு சேர வேண்டும்.

இனி சான்றுக்கு வருவோம். பாலக்காட்டில் முதலுதவி, பின்பு கோவையில் அறுவை. அல்லது மூணாற்றில் கட்டுப்போட்டுவிட்டுத் தேனிக்கு மாற்றம். எல்லைப்புற விபத்துகள் இப்படித்தான் இரண்டு மருத்துவமனைகளில் பிரிந்து கிடக்கின்றன. முதல் மருத்துவமனையின் விபத்துப் பதிவில் ‘எப்படி நேர்ந்தது’ என்ற இடத்தில் எழுதப்படுவதே வழக்கின் முதுகெலும்பு. ‘வீட்டில் வழுக்கி விழுந்தார் என்று சொல்லுங்கள், செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்று யாரேனும் கேட்டால் உடன்பட வேண்டாம். அந்த ஒரு வரி பின்னாளில் பல இலட்சங்களை விழுங்கிவிடும். இரு மருத்துவமனைகளின் ஆவணங்களும், பில்களும், வேலையளிப்பவருக்கு எழுத்தில் கொடுத்த அறிவிப்பின் நகலும் ஒரே உறையில் இருக்கட்டும்.

மற்றொரு சான்று நம் துறையைச் சேர்ந்தது. இன்னாரிடம் வேலை செய்தேன், இவ்வளவு ஊதியம் பெற்றேன் என்பதை மெய்ப்பிக்க, மாதந்தோறும் கணக்கில் வரவான சம்பளத்தைவிட எளிய சான்று வேறில்லை. கையில் ரொக்கமாக வாங்குபவர் ஒப்பந்ததாரரிடம் கணக்கு எண்ணைக் கொடுத்து வங்கி வழியாகவே கேட்க வேண்டும். இயலாதபோது, பெற்ற ரொக்கத்தை அன்றே தம் கணக்கில் செலுத்தினாலும் ஓரளவு துணையாகும். செலுத்தியவர் பெயர் இல்லாததால் முழுமையான சான்றாகாது என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

சமரசம் பற்றியும் ஒரு சொல். ஐம்பதாயிரம் ரூபாயை நீட்டி, ‘இனி எந்த உரிமையும் கோரமாட்டேன்’ என்று முத்திரைத்தாளில் கையெழுத்து வாங்குவது நடைமுறையில் உண்டு. சட்ட உரிமையைக் கைவிடும் அத்தகைய ஒப்பந்தம் செல்லாது. மரண இழப்பீடு அதிகாரியிடம்தான் செலுத்தப்பட வேண்டும். நேரே குடும்பத்திடம் கொடுத்தது இழப்பீடாகக் கருதப்படாது. வாங்கிய முன்பணத்தையோ கடனையோ இழப்பீட்டில் கழித்துக்கொள்ளவும், அதைப் பற்றுகை செய்யவும் சட்டம் இடந்தராது. உரிய தொகையை ஒரு மாதத்துக்கு மேல் தாமதித்தால் வட்டி உண்டு (1923ஆம் ஆண்டுச் சட்டத்தில் 12 விழுக்காடு). நியாயமான காரணமின்றித் தாமதித்தால் 50 விழுக்காடு வரை தண்டத்தொகையும் விதிக்கப்படலாம்.

இவற்றோடு சேமிப்புக் கணக்கு வழியாகப் பெறும் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டமும் உண்டு. ஆண்டுக்கு 20 ரூபாய் பிரீமியத்தில், 18 முதல் 70 வயது வரையிலானோருக்கு, விபத்து மரணத்துக்கும் முழு ஊனத்துக்கும் 2 இலட்சமும், ஒரு கை, கால் அல்லது கண்ணை இழந்தால் 1 இலட்சமும் கிடைக்கும். வேலையளிப்பவர் தரும் இழப்பீட்டை இது குறைப்பதில்லை, இரண்டையும் பெறலாம். மே மாத இறுதியில் பிரீமியம் பிடிக்கப்படும்போது கணக்கில் அந்த இருபது ரூபாய் இருக்க வேண்டும். விபத்து நேர்ந்தால் முப்பது நாள்களுக்குள் கோரிக்கைப் படிவத்தைக் கணக்குள்ள கிளையில் ஒப்படைக்க வேண்டும்.